வலிக்காமல் பறிபோகும் பார்வை: ஈவ் ஹிகின்பாதமும் எங்கள் பெரியப்பாவும்

எங்கள் பெரியப்பா கொத்தனார். முப்பது வருடத்துக்கும் மேல் சாரம் ஏறியவர். 58 வயதில், சொந்த வீட்டு நிலைப்படியிலேயே தலையை இடித்துக்கொள்ள ஆரம்பித்தார். வரப்பில் நடக்கும்போது கால் சறுக்கியது. பக்கத்தில் சைக்கிள் வந்தால் மணி அடித்த பிறகுதான் திடுக்கிட்டு ஒதுங்குவார். ஒருநாள் ஊர்த்தெருவில் தடுக்கி விழுந்தபோது, அவர் மகன் வயதுகூட ஆகாத ஒருவன் திண்ணையில் உட்கார்ந்தபடி, "ஏண்டா, காலையிலேயே ஏத்திட்டியா?" என்று கேட்டான். பெரியப்பா குடிப்பவர் இல்லை. ஆனால் காலனியிலிருந்து வரும் ஒருவர் தடுமாறினால் அதற்கு வேறு காரணம் இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. உண்மையைச் சொல்வதென்றால், எங்களுக்கும் தோன்றவில்லை. பெரியம்மாவே ஒருமுறை அவர் வாயை மோந்து பார்த்திருக்கிறார்.

அவருக்கு எதுவும் தெரியவில்லை என்று சொல்லிவிட முடியாது. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் நூல் நேராகத் தெரிந்தது. பேருந்தின் ஊர்ப் பலகையைப் படித்தார். எதிரே நிற்பவரின் முகம் தெரிந்தது. எனவே கண்ணில் கோளாறு இருக்கும் என்று அவரே நம்பவில்லை. ஒரு இலவச முகாமில் டார்ச் அடித்துப் பார்த்து, "புரை இல்லை, போகலாம்" என்று அனுப்பினார்கள். அதன்பின் இரண்டு வருடம் சும்மா இருந்தோம்.

கடைசியில் ஒரு பெரிய மருத்துவமனையில் கண்ணுக்குச் சொட்டு விட்டு, பாப்பாவை விரித்து, உள்ளே பார்த்த மருத்துவர் சொன்னார்: "குளுக்கோமா. கண் நீர் அழுத்த நோய். போன பார்வை திரும்ப வராது. இருக்கிறதைக் காப்பாத்தலாம்." அந்த நேரத்தில் இடது கண் ஏறக்குறைய முடிந்துபோயிருந்தது. வலது கண்ணில் ஒரு குழாய் வழியாகப் பார்ப்பது போன்ற பார்வைதான் மிச்சம்.

குளுக்கோமாவைப் பற்றி அதற்குப் பிறகுதான் படித்தோம். கண்ணுக்குள் ஒரு தெளிந்த நீர் எப்போதும் சுரந்துகொண்டே இருக்கிறது. ஒரு வடிகால் வழியாக வெளியேறிக்கொண்டும் இருக்கிறது. வடிகால் சரியாக வேலை செய்யாவிட்டால் உள்ளே அழுத்தம் கூடும். கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் பார்வை நரம்பில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள் இருக்கின்றன. அவை கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். செத்த இழை மீண்டும் முளைக்காது. இந்த நோயில் பரவலாகக் காணப்படும் வகையில் வலி கிடையாது, சிவப்பு கிடையாது. பக்கப் பார்வை முதலில் போகும். இல்லாத இடத்தை மூளை தானாகவே நிரப்பிக்கொள்வதால் போனதும் தெரியாது. நடுப்பார்வை கடைசி வரை நிற்கும். பெரியப்பாவுக்குத் தூக்குக்குண்டு நூல் தெரிந்ததும், நிலைப்படி தெரியாமல் போனதும் இதனால்தான்.

அப்படிப் படித்துக்கொண்டே போனபோதுதான் ஒரு பெயர் கண்ணில் பட்டது. ஈவ் ஜூலியட் ஹிகின்பாதம். குளுக்கோமா அறுவை மருத்துவர். கறுப்பினப் பெண். எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் படிப்பு வட்டத்தில் அவரைப் பற்றிப் பேசினோம். அங்கே பேசியதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

ஹிகின்பாதம் 1953-இல் அமெரிக்காவின் தெற்கே நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் பிறந்தார். அவருக்கு ஏழு வயது ஆனபோது, அதாவது 1960 நவம்பரில், அதே நகரத்தில்தான் ரூபி பிரிட்ஜஸ் என்ற ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி வெள்ளையர் பள்ளிக்குள் கூட்டரசுக் காவலர்களின் பாதுகாப்போடு நடந்து போனாள். வெளியே வெள்ளையர் கூட்டம் கத்திக்கொண்டிருந்தது. உள்ளே போனதும் வெள்ளைக்காரப் பெற்றோர்கள் தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். காலனிப் பெண் சமைத்த சத்துணவைத் தம் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று பள்ளியைப் புறக்கணிக்கும் பெற்றோரைப் பார்த்த நமக்கு அந்தக் காட்சி புதிதல்ல.

அந்த நகரத்திலிருந்து ஹிகின்பாதம் எம்.ஐ.டி. போய் வேதிப் பொறியியலில் இளநிலையும் முதுநிலையும் முடித்தார். பிறகு ஹார்வர்டில் மருத்துவம், 1979-இல் பட்டம். கண் மருத்துவப் பயிற்சிக்குச் சொந்த ஊரான நியூ ஆர்லியன்ஸுக்குத் திரும்பினார். பாஸ்டனில் குளுக்கோமா சிறப்புப் பயிற்சி பெற்றார். நீர் சுரப்பது, வடிவது, அழுத்தம் ஏறுவது எல்லாம் வேதிப் பொறியாளர் நாள்தோறும் கணக்குப் போடும் விஷயங்கள்தானே, அவர் இந்த நோயைத் தேர்ந்தெடுத்ததில் ஆச்சரியமில்லை என்று வட்டத்தில் பொறியியல் படிக்கும் தம்பி ஒருவன் சொன்னான். எங்களுக்கும் அப்படித்தான் பட்டது.

இலினாய், மிச்சிகன் பல்கலைக்கழகங்களில் பணியாற்றிய பிறகு, 1994-இல் பால்டிமோரில் உள்ள மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் கண் மருத்துவத் துறைக்குத் தலைவரானார். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகக் கண் மருத்துவத் துறைக்குத் தலைமையேற்ற முதல் பெண் அவர்தான். கறுப்பினப் பெண்களில் முதல்வர் என்று நினைத்துவிட வேண்டாம். எல்லாப் பெண்களிலும் முதல்வர்.

அவருக்கு முன்னால் பாதை போட்ட ஒருவரையும் சொல்லியாக வேண்டும். பாட்ரிசியா பாத், நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 1942-இல் பிறந்த கறுப்பினக் கண் மருத்துவர். பயிற்சிக் காலத்தில் அவர் ஹார்லெம் மருத்துவமனையிலும் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கண் மருத்துவமனையிலும் வேலை பார்த்தார். அண்ணல் அம்பேத்கர் 1913-இல் படிக்கப் போன அதே கொலம்பியாதான். ஹார்லெமில் கண் சிகிச்சைக்கு வருபவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் பார்வையற்றவர்களாகவோ பார்வை குன்றியவர்களாகவோ இருந்தார்கள். கொலம்பியாவில் அப்படிப்பட்டவர்கள் மிகக் குறைவு. ஒரே நகரம், ஒரே மருத்துவர், இரண்டு வரிசை. பாத் அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கவில்லை. கணக்கெடுத்தார். வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடையே பார்வையிழப்பு இரண்டு மடங்கு என்று காட்டினார். சிகிச்சை எட்டாததே இதற்குக் காரணம் என்று எழுதினார். கொலம்பியாவில் தன் பேராசிரியர்களை வற்புறுத்தி, ஹார்லெமில் கட்டணமில்லாமல் கண் அறுவை சிகிச்சை செய்ய வைத்தார். பிற்பாடு கலிபோர்னியாவில் பேராசிரியராகச் சேர்ந்தபோது, அவருக்கு அடித்தளத்தில், ஆய்வுக்கூட விலங்குகளுக்குப் பக்கத்தில் அறை ஒதுக்கினார்கள். அவர் மறுத்துவிட்டு, முறையான அறையைக் கேட்டு வாங்கினார்.

பதவி கிடைத்த பிறகு நாற்காலி எங்கே போடப்படுகிறது என்பதும் ஒரு போராட்டம்தான். தரையில் உட்கார வைக்கப்படும் தலித் ஊராட்சித் தலைவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ஹிகின்பாதம் தேர்ந்தெடுத்த துறையின் தன்மையையும் கவனிக்க வேண்டும். புரை அறுவை செய்பவருக்கு மறுநாளே கைகூப்பு கிடைக்கும். கட்டைப் பிரித்ததும் நோயாளி பேரப்பிள்ளை முகத்தைப் பார்த்து அழுவார். குளுக்கோமா அறுவை செய்பவருக்கு அந்தக் காட்சி கிடையாது. டிராபெகுலெக்டமி என்ற அறுவையில் கண்ணின் வெள்ளைப் பகுதியில் ஒரு சிறு திறப்பு செய்து, நீர் வெளியேற மாற்று வழி உண்டாக்குகிறார்கள். அது நன்றாக நடந்து முடிந்தால்கூட நோயாளிக்குப் பார்வை கூடாது. நேற்று தெரிந்தது இன்றும் தெரியும். பத்து வருடம் கழித்தும் தெரிந்தால் அதுதான் வெற்றி. நடக்காமல் போன ஒன்றுக்காக யாரும் மாலை போடுவதில்லை. களத்தில் வேலை செய்யும் தோழர்களுக்கு இது புரியும். நிறுத்தப்பட்ட குழந்தைத் திருமணமும், நடக்காமல் தடுக்கப்பட்ட தாக்குதலும் எந்தச் செய்தித்தாளிலும் வருவதில்லை.

இனி, எங்களை உண்மையிலேயே நிறுத்தி யோசிக்க வைத்த இடத்துக்கு வருகிறோம்.

பால்டிமோர் நகரத்தில் 40 வயதைக் கடந்த 5,308 பேரைச் சோதித்த ஓர் ஆய்வு 1991-இல் வெளியானது. பரவலான வகைக் குளுக்கோமா, வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் நான்கிலிருந்து ஐந்து மடங்கு அதிகம் என்று அது காட்டியது. அதே காலத்தில் மருத்துவ உலகில் ஒரு பெரிய கேள்வி ஓடிக்கொண்டிருந்தது. கண் அழுத்தம் அதிகம், ஆனால் நரம்பு இன்னும் கெடவில்லை என்ற நிலையில் இருப்பவர்களுக்குச் சொட்டு மருந்து கொடுத்தால் நோயைத் தடுக்க முடியுமா? இதற்கு விடை தேட 1994-இல் அமெரிக்காவில் பெரிய சோதனை ஒன்று தொடங்கியது. 1,636 பேர். ஒரு பாதிக்கு மருந்து, மறு பாதிக்குக் கண்காணிப்பு மட்டும். 2002-இல் முடிவு வந்தது. ஐந்து வருடத்தில், மருந்து போடாதவர்களில் 9.5 சதவீதம் பேருக்கு நோய் வந்தது, போட்டவர்களில் 4.4 சதவீதம்.

அந்த 1,636 பேரில் 408 பேர் கறுப்பினத்தவர். அதாவது நான்கில் ஒருவர். மருத்துவ ஆய்வு என்றாலே வெள்ளையரின் உடம்பை வைத்து மனிதகுலத்துக்கே விடை சொல்லிவந்த நாட்டில் இது சிறிய விஷயமல்ல. அந்த 408 பேரைத் தனியாக எடுத்து ஆராய்ந்த கட்டுரை 2004-இல் வந்தது. அதன் முதல் ஆசிரியர் ஹிகின்பாதம். மருந்து போடாத 205 பேரில் 33 பேருக்கு நோய் வந்திருந்தது, அதாவது 16.1 சதவீதம். மருந்து போட்ட 203 பேரில் 17 பேருக்கு வந்திருந்தது, அதாவது 8.4 சதவீதம். ஆபத்து அதிகமுள்ள மக்களிடமும் மருந்து ஆபத்தைப் பாதியாகக் குறைக்கிறது என்று உறுதியானது. "அவங்களுக்கு வரத்தான் செய்யும்" என்று கைவிரிக்க இனி யாருக்கும் சாக்கு இல்லை.

அதே சோதனையில் இன்னொன்றும் வெளிப்பட்டது. கருவிழி மெலிதாக இருப்பவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு அதிகம். கறுப்பினத்தவருக்குச் சராசரியாகக் கருவிழி மெலிதாக இருந்தது. கருவிழியின் தடிமன், நரம்பின் குழிவு போன்றவற்றைக் கணக்கில் சேர்த்தபோது, இனம் என்ற காரணம் தனித்து நிற்கவில்லை. கருவிழி மெலிதாக இருந்தால் அழுத்தம் அளக்கும் கருவி உண்மையைவிடக் குறைவாகக் காட்டும் என்பதும் தெரிந்ததுதான். யாருக்கு ஆபத்து அதிகமோ, அவர்களுக்கே "அழுத்தம் சரியாகத்தான் இருக்கு" என்று சொல்லி அனுப்பும் வாய்ப்பும் அதிகம். சமூகவியல் வகுப்பில் அளவுகோல்களின் அரசியல் பற்றி எவ்வளவோ படித்தோம். அது ஒரு கண்மணிக்குள் இப்படி உட்கார்ந்திருக்கும் என்று நினைத்ததில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லிவிட வேண்டும். சாதி என்பது மரபணு இல்லை. தலித்துகளுக்குக் கண் நீர் அழுத்த நோய் அதிகம் வரும் என்று நாங்கள் சொல்லவில்லை. கறுப்பினத்தவரின் கதையை அப்படியே பெயர்த்து இங்கே ஒட்டுவதும் சரியல்ல. நாம் ஒப்பிட வேண்டியது, கண்டுபிடிக்கப்படும் நேரத்தைத்தான். தமிழ்நாட்டுக் கிராமங்களில் நடந்த சென்னை குளுக்கோமா ஆய்வில், இந்த நோய் இருந்தவர்களில் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே அதுவரை தெரியாது. அப்படியானால் இது எல்லாச் சாதிக்கும் பொதுவான அறியாமை என்று சிலர் சொல்லலாம். பொதுவானதுதான். ஆனால் தெரிந்த பிறகு என்ன நடக்கிறது? ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, மாற்றி மாற்றிப் பேருந்து ஏறி, வரிசையில் நின்று, மாதாமாதம் புட்டி வாங்கி, வலியே இல்லாத நோய்க்கு ஆயுள் முழுவதும் மருந்து போட வேண்டும். பெரியப்பா மூன்றாம் மாதமே நிறுத்திவிட்டார். "போட்டாலும் அப்படியேதான் இருக்கு, எதுக்குக் காசு?" என்றார். அப்படியே இருப்பதுதான் மருந்தின் வேலை என்று அவருக்குப் புரியும்படி, அவர் மொழியில், மதிப்போடு, யாரும் சொல்லியிருக்கவில்லை. மருத்துவமனையில் அவருக்குக் கிடைத்தது ஒரு சீட்டும் "அடுத்து யாருப்பா?" என்ற குரலும்தான்.

படிப்பு வட்டத்தில் ஒரு தங்கை கேட்டாள்: "அக்கா, அவங்க எம்.ஐ.டி., ஹார்வர்டுன்னு படிச்சவங்க. மேல போயிட்டாங்க. ஒருத்தர் மேல போனதால பால்டிமோர் ஏழைக்கு என்ன வந்துச்சு? நம்ம சாதியில ஒரு ஐ.ஏ.எஸ். வந்தா காலனிக்கு ரோடு வந்துடுதா?"

நியாயமான கேள்வி. முதல் ஆள் என்ற பட்டத்தை மட்டும் கொண்டாடினால் அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. அதனால்தான் அவர் மேலே போன பிறகு என்ன செய்தார் என்று தேடினோம். ஆபத்து அதிகமுள்ள மக்களைத் தனியாக எண்ணிப் பார்த்தார். 2006-இல் அட்லாண்டாவில் மோர்ஹவுஸ் மருத்துவக் கல்லூரிக்கு முதல்வராகப் போனார். அது கறுப்பின மருத்துவர்களை உருவாக்குவதற்கென்றே 1975-இல் தொடங்கப்பட்ட கல்லூரி. இதன் பின்னணியையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1910-இல் வந்த ஃப்ளெக்ஸ்னர் அறிக்கை "தரம்" என்ற பெயரில் மருத்துவக் கல்லூரிகளை வடிகட்டியது. அப்போது இருந்த ஏழு கறுப்பின மருத்துவக் கல்லூரிகளில் ஐந்து அதன் பிறகு மூடப்பட்டன. ஹோவர்டும் மெஹாரியும் மட்டுமே மிஞ்சின. தரம் என்ற சொல் யாருடைய கதவைச் சாத்தியது என்று கேட்க நமக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை. 1176 மதிப்பெண் எடுத்த அரியலூர் அனிதாவை 2017-இல் இழந்தவர்கள் நாம்.

பிறகு ஹிகின்பாதம் ஹோவர்டு பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பிரிவுகளுக்குப் பொறுப்பேற்றார். 2013-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில், யார் உள்ளே வருகிறார்கள், வந்தவர்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்பதைக் கவனிக்கும் துணை முதல்வர் பதவிக்கு வந்தார். அறுபதைக் கடந்த வயதில் சட்டத்திலும் முதுநிலைப் பட்டம் வாங்கினார். கத்தியைப் பிடித்த கை, பிறகு விதிமுறைகளைத் திருத்தப் பேனாவைப் பிடித்தது. ஒரு கண்ணுக்கு வடிகால் வெட்டினால் ஒருவருக்குப் பார்வை நிற்கும். கல்லூரிக் கதவைத் திறந்தால், ஒவ்வொரு வருடமும் உள்ளே வரும் பிள்ளைகளில் யாராவது ஒருவர், எங்கள் பெரியப்பா போன்றவர் தடுமாறினால் வாயை மோந்து பார்க்காமல் கண்ணைத் திறந்து பார்ப்பார்.

இட ஒதுக்கீடு பற்றி விவாதம் வரும்போதெல்லாம், "அறுவை சிகிச்சை செய்ய ஒதுக்கீட்டு டாக்டரிடம் போவாயா?" என்று ஒரு கேள்வியை எறிவார்கள். கல்லூரியில் எங்களிடமும் எறிந்தார்கள். அப்போது கோபம்தான் வந்தது, பதில் வரவில்லை. இப்போது பதில் இருக்கிறது. ஒதுக்கப்பட்டவர்கள் உள்ளே வரும்போது மருத்துவத்தின் கேள்விகளே மாறுகின்றன. ஹார்லெமின் வரிசையைக் கொலம்பியாவில் எத்தனையோ பேர் பார்த்திருப்பார்கள். கணக்கெடுத்தவர் ஹார்லெமில் பிறந்தவர். இது மருத்துவத்துக்குச் செய்யும் சலுகை இல்லை. இது இல்லாமல் மருத்துவத்துக்குப் பாதிக் கண்தான் தெரியும்.

அதே 408 பேர் கட்டுரையைப் படித்த பிறகுதான் எங்கள் வீட்டில் செய்ய வேண்டியது உறைத்தது. குளுக்கோமா இருப்பவரின் உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் அது வரும் ஆபத்து மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். அதை எங்களிடம் யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. பெரியப்பாவின் இரண்டு தம்பிகள், ஒரு அத்தை, மூன்று பிள்ளைகள் என ஆறு பேரையும் ஒரு ஞாயிறு விட்டு அடுத்த திங்கள் கூலியை இழக்க வைத்து இழுத்துக்கொண்டு போனோம். பெரிய அண்ணன் வரவே மாட்டேன் என்றார். "கண்ணு நல்லாத்தாண்டி இருக்கு, தூக்குக்குண்டு நூலு தெரியுது" என்றார். அவரும் கொத்தனார். அந்த வார்த்தையைக் கேட்டதும் எங்களுக்கு வயிற்றைக் கலக்கியது.

அவர் கண் அழுத்தம் 26 இருந்தது. நரம்பு இன்னும் கெடவில்லை. அதாவது அந்த 1,636 பேர் நின்ற அதே இடத்தில் அண்ணன் நிற்கிறார். மருந்து போடாதவர்களிலும் பெரும்பாலானோருக்கு அந்த ஆண்டுகளில் நோய் வரவில்லை என்பதையும் மருத்துவர் சொன்னார். ஆனால் அப்பாவுக்கு இருப்பதாலும், கருவிழி மெலிதாக இருப்பதாலும் மருந்து தொடங்கலாம் என்றார். இந்த முறை நாங்கள் கூடவே நின்று, நிறுத்தி நிறுத்திக் கேட்டோம்.

தோழர்களே, உங்கள் வீடுகளிலும் நாற்பதைக் கடந்தவர்கள் இருப்பார்கள். முகாமில் டார்ச் அடித்துப் பார்ப்பது இந்த நோய்க்குப் போதாது. அழுத்தம் அளக்க வேண்டும், பாப்பாவை விரித்துப் பார்வை நரம்பைப் பார்க்க வேண்டும். இரண்டையும் கேட்டு வாங்குங்கள். அரசு மருத்துவமனைகளின் கண் பிரிவில் கேளுங்கள், கேட்பது உரிமை. கண் சிவந்தால் மெடிக்கலில் சும்மா வாங்கிப் போடும் சொட்டு மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்தவை உண்டு. அவற்றைத் தொடர்ந்து போட்டாலே அழுத்தம் ஏறலாம். ஏற்கெனவே மருந்து போடுபவர்கள் இருந்தால், "ஒன்னும் மாறலையே" என்று நிறுத்த விடாதீர்கள். மருத்துவம் படிக்கும் தம்பி தங்கைகள் இதைப் படித்தால், சிறப்புப் பிரிவைத் தேர்ந்தெடுக்கும் நேரத்தில் ஒருமுறை இந்தத் துறையையும் நினைத்துப் பாருங்கள். நன்றி சொல்ல ஆள் வராது. ஆனால் எங்கள் தெருவில் உங்களுக்கு வேலை இருக்கிறது.

பெரியப்பா இப்போது வேலைக்குப் போவதில்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். இரவு எட்டு மணிக்கு அண்ணன் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தால், "சொட்டு போட்டியாடா?" என்று கேட்பார். அண்ணன் சலித்துக்கொண்டே உள்ளே போய்ப் போட்டுக்கொண்டு வருவார். பெரியப்பாவுக்கு அவர் முகம் இப்போது சரியாகத் தெரிவதில்லை. அதனால் பக்கத்தில் கூப்பிட்டு, கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பார். மருந்து வழிந்த ஈரம் இருந்தால்தான் நம்புவார்.

ஜெய்பீம்.